மூணாம் வீட்டு ஃபியூஸ் கட்டை

வாங்க கண்ணு, உள்ள வாங்க. காலையில போன்ல பேசுனது நீங்கதானுங்களா? செருப்பு அங்கயே கெடக்கட்டும், யாரும் எடுக்க மாட்டாங்க. ஊடு பாக்கறதுக்கு முன்னால ஒரு நிமிசம் இப்படி உக்காருங்க. உங்ககிட்ட ஒரு விசயம் சொல்லணும். நான் சொல்லாட்டி எதிர்த்த மளிகைக் கடைக்காரர் சொல்லுவாரு. அவர் சொல்றதக் கேட்டுட்டு இதுவரைக்கும் அஞ்சு குடும்பம் திரும்பிப் போயிருச்சு. அதுக்கு நானே முதல்ல சொல்லிப்போடலாம்னுதான்.

மொத்தம் ஆறு லைன் ஊடு. பின்னால வரிசையாத் தெரியுது பாருங்க, அதுதான். எங்கூட்டுக்காரரு இருக்கறப்ப கட்டுனது. அவர் போயி ஆறு வருசமாச்சு, மகன் பெங்களூர்ல இருக்கான், நான் ஒருத்தியாத்தான் எல்லாத்தையும் பாத்துக்கறேன். குடியிருக்கறவிய எல்லாரும் பனியன் கம்பெனிக்குப் போறவிய. காலையில எட்டரைக்குக் கெளம்புனா பொழுது போயி எட்டு, ஒம்போதுக்குத்தான் வருவாங்க. பகல்ல இந்தக் காம்பவுண்டுல நானும் காக்காயும்தான். மூணாம் ஊடு மட்டும் நாலு மாசமாக் காலி.

இத்தன ஊட்டுக்கும் கரண்ட் லைன் ஒண்ணுதானுங்க. கம்பத்துலருந்து என்ற ஊட்டுக்கு வந்து, வாசப்படி பக்கத்துல இருக்குது பாருங்க இரும்புப் பெட்டி, அதுலருந்து ஆறு ஊட்டுக்கும் பிரியுது. ஊட்டுக்கு ஒரு ஃபியூஸ் கட்டை, அதப் புடுங்குனா அந்த ஊட்டுக்கு மட்டும் கரண்ட் இருக்காது. எல்லாத்துக்கும் மேல பெருசா ஒரு கட்டை, அது மெயின். மெயின் போச்சுன்னா என்ற ஊடும் சேந்து ஏழு ஊடும் இருட்டு. தனித்தனி சர்வீஸ் வாங்கிருங்கன்னு குணசீலன் அப்பவே சொன்னாரு. குணசீலன் நம்ம வயர்மேன், எங்கூட்டுக்காரரு காலத்துலருந்து வர்றவரு. வாங்கலாம்தான். ஆனா எதுக்குங்க? பாத்து நடந்துக்கிட்டா ஒண்ணே போதும். பெட்டி எப்பவும் பூட்டியே இருக்கும், சாவி என்ற இடுப்புல இருக்கும்.

பாத்து நடந்துக்கணும்னா கணக்குத் தெரியணுமில்லீங்களா? நான் எட்டாவதுதான். ஆனா கணக்குல கெட்டி. மெயின் ஃபியூஸ் அடிக்கடி போக ஆரம்பிச்சப்ப குணசீலனை உக்கார வெச்சுக் கேட்டுக்கிட்டேன். எந்தச் சாமானத் திருப்புனாலும் அடியில வாட்ஸ் எழுதியிருக்கும், ஒரே நேரத்துல ஓடறத எல்லாம் கூட்டுனா அதுதான் லோடு, உங்க மெயின் மூவாயிரத்தி ஐநூறு தாங்கும், அதுக்கு மேல போனா ஃபியூஸ் போயிரும்னாரு. அவ்வளவுதானுங்க விசயம். இதுக்குப் போயி என்னமோ பெரிய படிப்புங்கறாங்க.

அடுத்த ஞாயித்துக்கிழமையே ஊடு ஊடாப் போனேன். மிக்சி, அயர்ன் பாக்ஸ், ஃபேனு, எல்லாத்தையும் கண்ணாடி போட்டுக்கிட்டுத் திருப்பிப் பாத்து எழுதுனேன். அதோ ஆணியில தொங்குது பாருங்க காலண்டர் அட்டை, எடுத்துப் பாருங்க. தாளெல்லாம் கிழிச்ச பொறவு அட்டை சும்மாதான கெடக்குதுன்னு பின்பக்கம் எழுதுனது. ஒண்ணாம் ஊடு, ஃபேன் எழுபத்தஞ்சு, டியூப் லைட்டு நாப்பது, மிக்சி ஐநூறு, டி.வி. நூறு. ரெண்டாம் ஊடும் அதே மாதிரி, கூட அயர்ன் பாக்ஸ் ஆயிரம். அப்படியே ஆறு வரைக்கும் வரும். எழுத்து நல்லாருக்குதுங்களா?

அப்புறம் நேரம் போட்டேன். மிக்சி போடறது ஒத்தப்படை ஊடு ஆறுலருந்து ஆறரை, ரெட்டப்படை ஊடு ஆறரையிலருந்து ஏழு. அயர்ன் பாக்ஸ் ஞாயித்துக்கிழமை மட்டும், அதுவும் ஊடு மாத்தி ஊடு. தண்ணி காய வெக்கற ராடு கூடவே கூடாது. ஆறாம் ஊட்ல ஒண்ண ஒளிச்சு வெச்சிருந்தாங்க, வாங்கி என்ற பீரோவுல வெச்சுட்டு, காலி பண்ணிட்டுப் போறப்பத்தான் குடுத்தேன். ஆரம்பத்துல மொணங்குனாங்க. அப்புறம் பழகிருச்சு. ஊட்ட நடத்தறதுன்னா சும்மாங்களா.

குணசீலன் அட்டைய வாங்கி ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம், "எல்லாஞ் செரிக்கா, இதுல உங்க ஊடு எங்க?"ன்னு கேட்டாரு. என்ற ஊடு எதுக்குங்க இதுல? நான் ஒத்த ஆளு. காப்பி குடிச்சுட்டுப் போங்கன்னு சொல்லி அனுப்பிச்சேன்.

மூணாம் ஊட்டுக்கு மாசி மாசம் வந்தவ சுகந்தி. தேனிப் பக்கத்துக்காரி. புருஷன் மாரிராஜுக்குச் சாயப்பட்டறையில வேலை. அவ வேலைக்குப் போக முடியாது, நாலு வயசுப் பொண்ணு, இனியான்னு பேரு, அந்தப் புள்ளைக்கு மூச்சிரைப்பு. அதனால ஊட்லயே பிசிறு வெட்டுவா. உங்களுக்குத் தெரியாததா, மூட்டையாப் பனியன் வரும், தொங்கற நூல எல்லாம் சின்னக் கத்தரியில வெட்டிக் குடுக்கணும். நல்ல பொண்ணுதான். நான் யாரையும் கெட்டதாச் சொல்ல மாட்டேன்.

ஆனா அவகிட்ட ஒரு இண்டக்சன் அடுப்பு இருந்துச்சு. திருப்பிப் பாத்தேன், ரெண்டாயிரம். எனக்குத் தலையே சுத்திருச்சு. ஆறு ஊட்டு ஃபேனையும் ஒண்ணாச் சேத்தாலும் அதுல கால்வாசி வராது. கேட்டதுக்கு, சிலிண்டர் கனெக்சன் ஊர்ல இருக்குது, இங்க மாத்திக் குடுக்க நாளாகும், வெறகு வெச்சா பொகையில புள்ளைக்கு நெஞ்சடைக்குதுக்கான்னா. செரின்னு காலையில அஞ்சுலருந்து ஆறு, சாயங்காலம் ஆறுலருந்து ஏழுன்னு நேரம் குடுத்தேன். தலையாட்டுனா. அட்டையில மூணாம் ஊட்டுக்கு நேரா அத மட்டும் செவப்புப் பேனாவுல எழுதியிருக்கேன் பாருங்க. அதுக்குக் கீழ நூத்தி இருபதுன்னு ஒண்ணு இருக்குதில்ல, அது அந்தப் புள்ளையோட மெஷின். மருந்த ஆவியாக்கி மூக்குல புடிக்கறது. ரெண்டு ஃபேன் அளவுக்குக்கூட இழுக்காது. இருந்தாலும் எழுதிட்டேன். கணக்குன்னா கணக்குத்தான்.

சித்திரை வந்துச்சு. இந்த வருச வெய்யில் உங்களுக்கே தெரியும். மகன் வந்திருந்தப்ப, அம்மா தனியாக் கெடந்து வேகக் கூடாதுன்னு பெட்ரூம்ல ஏசி மாட்டிக் குடுத்துட்டுப் போனான். நான் அனாவசியமாப் போடறதில்லீங்க. மத்தியானம் ரெண்டுலருந்து நாலு வரைக்கும்தான். சாப்ட்டுட்டு, போர் மோட்டார ஓட உட்டுட்டு, ஏசியப் போட்டுக்கிட்டுப் படுப்பேன். போர்ல தண்ணி கம்மி, ஆறு ஊட்டுத் தொட்டியும் நெரம்ப ரெண்டு மணி நேரம் ஆகும். நான் பண்ற வேலையெல்லாம் இவியளுக்காகத்தான். அப்படிப் படுத்துக் கண்ணு சொருகற நேரம் பாத்து டப்புன்னு போகும். ஒரு நாள் இல்ல, ரெண்டு நாள் இல்ல, அந்த ஒரு வாரத்துல நாலு நாள். எப்பவும் ரெண்டு, ரெண்டேகாலுக்குத்தான்.

நான் யோசிச்சேன். ரெண்டு மணிக்குக் காம்பவுண்டுல யாரு இருக்கா? அஞ்சு ஊடு பூட்டிக் கெடக்குது. இருக்கறது சுகந்தி ஒருத்திதான். அப்ப அந்த அடுப்பத் தவிர வேற என்ன இருக்க முடியும்? கணக்குப் போட்டாலே தெரியுதில்லீங்களா.

நாலாம் நாள் ஃபியூஸ் போன கையோட நேரா அவ ஊட்டுக்குள்ள போனேன். கீழ உக்காந்து பிசிறு வெட்டிக்கிட்டு இருந்தா. புள்ள பனியன் மூட்டை மேல படுத்துத் தூங்குது. நான் அடுப்பு மேல கைய வெச்சுப் பாத்தேன். சில்லுன்னு இருந்துச்சு. நான் வர்ற சத்தம் கேட்டு ஈரத் துணியில தொடச்சிருப்பா. அடுப்பே பத்த வெக்கலக்கான்னு சொல்லி, சோத்துப் பானையத் தொறந்து காட்டுனா. காலையில வடிச்ச சோறு, பாதி அப்படியே இருந்துச்சு. எல்லாத்துக்கும் தயாராத்தான் இருந்தா.

அன்னைக்குத்தான் முடிவு பண்ணுனேன். மூணாம் ஊட்டுக் கட்டைய ரெண்டு மணிக்குப் புடுங்கறது, நாலு மணிக்கு மாட்டறது. வெறும் ரெண்டு மணி நேரம். மாசத்துல ஒரு நாள் காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்டு நிறுத்தறாங்க, இருந்துக்கறமில்லீங்களா? அவ வந்து நின்னா. சண்டையெல்லாம் போடல.

"பாப்பாவுக்கு மெஷின் வெக்க வேண்டி வந்தா என்னக்கா பண்றது?"ன்னு கேட்டா.

நியாயமான கேள்விதான. "வந்து கதவத் தட்டு, உடனே குடுக்கறேன்"னு சொன்னேன். அப்படித்தான் சொன்னேன். தட்டுன்னுதான் சொன்னேன்.

மொத நாள் கட்டையப் புடுங்கி வெச்சுட்டுப் போயிப் படுத்தேன். ரெண்டு பத்துக்கு மறுபடி டப்பு. மூணாம் ஊட்டுக் கட்டை என்ற தலகாணிக்கு அடியில இருக்குது, அப்பவும் மெயின் போயிருச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. அஞ்சாம் ஊட்டுக்காரி எதையாச்சும் ஓட உட்டுட்டுப் போயிட்டாளான்னு சன்னல் வழியா எட்டிப் பாத்தேன், ஒண்ணும் தெரியல. குணசீலனைக் கூப்பிட்டு, ஃபியூஸ் கம்பியைத் தடியாப் போட்டுக் குடுங்க, இந்தத் தொல்லையே வேண்டாம்னேன். மாட்டேன்னுட்டாரு.

"போறதுதானுங்கக்கா அதோட வேலை. அது போகாம நின்னா செவுத்துக்குள்ள வயர் வேகும். லோடு எங்க கூடுதுன்னு பாருங்க, ஃபியூஸ் மேல கோவப்பட்டு என்ன பண்றது"ன்னு சொன்னாரு. சொல்லிட்டு அட்டைய இன்னொரு தடவ எட்டிப் பாத்தாரு. அந்த ஆளுக்கு எப்பவும் அப்படி ஒரு பார்வை.

அவர் போனதும் நானே பெட்டியத் தொறந்தேன். மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு மெயின் கட்டைய எடுத்து, ஒரு கம்பி இருந்த எடத்துல மூணு கம்பிய முறுக்கிச் சுத்துனேன். எங்கூட்டுக்காரரு செய்யறதப் பாத்திருக்கேன். அதுக்கப்புறம் போகல. ரெண்டு நாள் நிம்மதியாத் தூங்குனேன். மூணாவது நாள் வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமையும் அதே மாதிரிதானுங்க. ரெண்டு மணிக்குக் கட்டையப் புடுங்கி, சாவிக் கொத்தோட தலகாணிக்கு அடியில வெச்சேன். முன்கதவச் சாத்துனேன், பெட்ரூம் கதவச் சாத்துனேன், குளிரு வெளிய போகக் கூடாதுன்னு கதவுக்கு அடியில பழைய துண்டு ஒண்ணு. ஏசி ஓடறப்ப ஒரே சீரா ஒரு சத்தம் வரும், வேற ஒண்ணும் காதுல உழுகாது. போனு ஹால்ல சார்ஜ்ல கெடந்துச்சு. நாலு மணிக்குத் தானா முழிப்பு வந்துச்சு, அவ்வளவு நல்ல தூக்கம். போன எடுத்துப் பாத்தா சுகந்தி பதினோரு தடவ கூப்பிட்டிருக்கா.

மூணாம் ஊடு தொறந்து கெடந்துச்சு. மூட்டை சரிஞ்சு பனியனெல்லாம் தரையில கெடக்குது. மெஷின் பிளக்குல மாட்டுனபடியே இருக்குது, உள்ள மருந்து ஊத்தி வெச்சது ஊத்துனபடி இருக்குது. ஆளக் காணோம். மளிகைக் கடைக்காரர்தான் சொன்னாரு. ரெண்டேமுக்காலுக்குப் புள்ளயத் தோள்ல போட்டுக்கிட்டு செருப்புக்கூட இல்லாம ரோட்டுக்கு ஓடுனாளாம். புள்ளைக்கு ஒதடெல்லாம் நீலமா இருந்துச்சாம். ஒரு ஷேர் ஆட்டோக்காரர் இருந்த ஆளுங்களையெல்லாம் எறக்கி உட்டுட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாராம். அதுக்கு முன்னால கால் மணி நேரம் கதவத் தட்டுன சத்தம் ரோட்டுக்கே கேட்டுச்சுங்கறாரு கடைக்காரர். ரோட்டுக்குக் கேட்டுச்சில்ல, வந்து பாக்க வேண்டியதுதானுங்களே? அத மட்டும் யாரும் அவரக் கேக்கறதில்ல.

நான் கெட்டவ இல்லீங்க. அன்னைக்குச் சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஐ.சி.யூ.வுக்கு வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தா. கையில அந்தப் பிசிறு வெட்டற கத்தரி. ஓடறப்பக் கீழ வெக்கல போல, அப்படியே புடிச்சுக்கிட்டு இருந்தா. என்னைப் பாத்தா, அப்புறம் கண்ணாடிக் கதவப் பாத்துத் திரும்பிக்கிட்டா. மாரிராஜ் மரியாதைக்கு எந்திரிச்சு நின்னான். ரெண்டு பேருல ஒருத்தராச்சும் ஒரு வார்த்தை திட்டியிருந்தா எனக்கும் பதில் சொல்ல வந்திருக்கும். வாங்கிட்டுப் போன பழத்தப் பெஞ்சு மேல வெச்சுட்டு வந்துட்டேன்.

ஒம்போது நாள் உள்ள இருந்துச்சு அந்தப் புள்ள. ஒம்போது நாளும் நான் மாரியம்மன் கோயிலுக்கு நடந்தேன். பொழச்சுருச்சு கண்ணு. பொழச்சுருச்சு.

இந்தக் கதவப் பாருங்க. இல்ல, இன்னும் கீழ, தாழ்ப்பாளுக்குப் பக்கத்துல. பொட்டுப் பொட்டாப் பெயிண்டு உதிந்திருக்குதில்ல, அது கத்தரி நுனி பட்டது. கை வலிச்ச பொறவு அதால குத்தியிருக்கா. பெயிண்டு அடிச்சுரலாம்மான்னு மகன் சொன்னான். ஆளையும் அனுப்பிச்சான். நான் திருப்பி அனுப்பிச்சுட்டேன்.

எனக்கு ஒண்ணுதான் ஆத்தவே முடியல. அத்தன நாளும் போன ஃபியூஸ், அன்னைக்குப் போகல. போயிருந்தா ஏசி நின்னிருக்கும். வேர்வையில நான் முழிச்சிருப்பேன். தட்டற சத்தம் கேட்டிருக்கும். நாலே எட்டுல போயிக் கட்டைய மாட்டியிருப்பேன். போக வேண்டிய அன்னைக்குப் போகாம நின்னுருச்சு. மூணு கம்பி சுத்துனது நாந்தான், இல்லைங்கல. ஆனா எதனால சுத்துனேன்? யாரோ லோடு ஏத்துனதாலதான சுத்துனேன்?

அவிய சாமான் எடுக்க வந்த அன்னைக்கு நான் இங்கதான் உக்காந்திருந்தேன். கதவு தொறந்து இருந்துச்சு. அதுக்கப்புறம் நான் பகல்ல கதவு சாத்தறதே இல்ல. சுகந்தி சாவியக் குடுக்க வந்தா, இடுப்புல புள்ள. எளைச்சுப் போயி, கொரலும் கம்மிப் போயிருந்துச்சு. அது கைய நீட்டி இந்தக் கதவ ஒரு தடவ தட்டுச்சு. தட்டிட்டு உள்ள பாத்துச்சு.

"அம்மா, இப்பத் தொறந்திருக்கும்மா"ன்னுச்சு.

சுகந்தி சாவிய இந்த நாற்காலி மேல வெச்சுட்டுப் போயிட்டா.

அவ்வளவுதானுங்க நடந்தது. அப்புறம் குணசீலன் வந்து மூணு கம்பிய எடுத்துட்டுப் பழையபடி ஒத்தக் கம்பி போட்டாரு. ஏசி போடறத நான் உட்டுட்டேன். கதவச் சாத்தாம ஏசி போட்டு என்ன பண்றது. நாலு மாசமாச்சு, ஒரு தடவகூட ஃபியூஸ் போகல. மூணாம் ஊடு காலி, ஃபியூஸ் போகல. அப்ப லோடு எங்க இருந்துச்சு, நீங்களே சொல்லுங்க. மளிகைக் கடைக்காரர்கிட்ட இதத்தான் சொன்னேன். அந்த மனுசன் சிரிக்கறாரு.

என்ன கண்ணு, அட்டையையே பாத்துக்கிட்டு இருக்கறீங்க? கீழயா? கீழ ஒண்ணும் இல்ல, ஆறோட முடிஞ்சுது. ஏழுன்னு போட்டிருக்குதா? ஆமா, நம்பர் மட்டும் போட்டு உட்டிருக்குது.

ஏசி ஆயிரத்தி எண்ணூறு. மோட்டாரு ஆயிரத்தி ஐநூறு. ஃபிரிட்ஜு இருநூறு. ஃபேன் எழுபத்தஞ்சு. கூட்டுனா மூவாயிரத்தி ஐநூத்தி எழுபத்தஞ்சு. மூணாம் ஊட்டச் சேக்காமயே அவ்வளவு வருது. அவிய போன அன்னைக்கு ஸ்டூல் போட்டு ஏறி ஏசியில எழுதியிருக்கறதப் பாத்தேன். நாலு தடவ கூட்டிப் பாத்தேன். நம்பரப் போட்டுட்டேன், எழுதக் கை வரல. இது குணசீலனுக்குக்கூடத் தெரியாது.

உங்களுக்குக் குழந்தை இருக்குதுங்களா? அப்படீங்களா. எத்தன மாசம்?

இந்தாங்க. ஊட்டுச் சாவி இது. போயிப் பாருங்க, பிடிச்சிருந்தா வாங்க, இல்லாட்டியும் பரவாயில்ல. இந்தச் சின்னது இரும்புப் பெட்டிச் சாவி. இருங்க, இன்னொண்ணு இருக்குது, தலகாணிக்கு அடியில, எடுத்தாரேன். இதுதான் மூணாம் ஊட்டுக் கட்டை. அங்க லைட்டுப் போட்டுப் பாக்கணும்னா இத மாட்டணும். நீங்களே மாட்டிக்கங்க, சாவியும் உங்ககிட்டயே இருக்கட்டும். நீங்க யாரு கதவையும் தட்ட வேண்டியதில்ல.